சீட்டை மூடு, வாயைத் திற

சிதம்பரத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றால் அப்படி ஒரு நல்ல மனிதர். காய்கறிக்காரி தவறுதலாக ஐந்து ரூபாய் கூடச் சில்லறை கொடுத்துவிட்டால், வெயிலில் கீழ வீதிக்கும் மேல வீதிக்குமாக அலைந்து அவளைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அப்படிப்பட்டவருக்கும் எனக்கும் இன்றோடு பதினோரு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஒரு சீட்டாட்டம்.

சீட்டாட்டமா என்று வாசகர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடுகிற ஆட்டமல்ல, பிரிட்ஜ். 2018ஆம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் முறையாக இதையும் சேர்த்தார்கள். ஆடவர் ஜோடிப் பிரிவில் நம் நாட்டுக்காகத் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்ற இருவர். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. ஓட்டப் பந்தயத்தில் ஓடி வந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இந்தப் பெரியவர்கள் பதக்கத்தோடு நின்றார்கள். ஆகவே இது கௌரவமான சங்கதிதான்.

ஆட்டத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். முந்நூற்றுநாலு ஆடிப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள், ஆளுக்குப் 13 சீட்டு. முதலில் கேள்வி, பிறகு ஆட்டம். எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் மாதிரி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கூட்டாளி கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியாகக் கேட்க முடியும். ஆனால் அவர் கையை நமக்குக் காட்டக் கூடாது. ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் மேல். இத்தனையையும் கூட்டாளிக்குத் தெரிவிக்க ஆட்டக்காரனுக்கு அனுமதித்திருக்கும் சொற்களோ வெறும் 38. ‘ஒரு கிளாவர்’ தொடங்கி ‘ஏழு நோட்ரம்ப்’ வரை 35 கேள்விகள். அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள்.

இந்த 38 சொற்களை வைத்துக்கொண்டு மனிதர்கள் ஒரு பாஷையே கட்டியிருக்கிறார்கள். நான்கு நோட்ரம்ப் என்று கேட்டால் ‘உன்னிடம் எத்தனை ஆஸ் இருக்கிறது?’ என்று பொருள். அமெரிக்காக்காரர் பிளாக்வுட் 1933ல் செய்த ஏற்பாடு அது. கூட்டாளி ஒரு நோட்ரம்ப் என்று தொடங்கிய பிறகு ‘இரண்டு டைமண்ட்’ என்று பதில் சொன்னால், டைமண்ட் இருக்கிறது என்று பொருளல்ல. ஆர்ட்டின் இருக்கிறது என்று பொருள்! பள்ளிக்கூடத்தில் நன்னூல் நடத்தும்போது குழூஉக்குறி என்று படித்தோமே, தட்டார் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று, அதே கதைதான்.

அப்படியானால் இது திருட்டுப் பாஷை அல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. தட்டார் தம் குறியை நகை வாங்க வந்தவனுக்குச் சொல்ல மாட்டார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அந்தத் துண்டின் வேலை. பிரிட்ஜிலோ துண்டு கிடையாது. நீயும் உன் கூட்டாளியும் எந்தக் குறியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று எதிராளிக்குத் தெரிந்தாக வேண்டும். நான் அறிந்த சீட்டாட்டங்களில், தன் அகராதியை எதிரி கையில் கொடுத்துவிட்டுப் போருக்குப் போகிற ஆட்டம் இது ஒன்றுதான். அதனால்தான் எனக்கு இதன் மேல் இத்தனை பிரியம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது புயலில். 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ வந்து கடலூரைப் புரட்டிப் போட்டதே, அந்த நாட்களில். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு வயதான வக்கீல் இருந்தார். பொழுது சாய்ந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நாலு பேர் உட்காருவோம். முதல் நாள் நான் சீட்டை விசிறி போல விரித்து, பக்கத்திலிருப்பவர் பார்க்கும்படி பிடித்திருந்தேன். அதே சமயம், கூட்டாளி கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எதிரே இருந்தவர் என்னைக் கேட்டபோது, பெரிய கெட்டிக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வக்கீல் ஐயா சீட்டைக் கீழே வைத்துவிட்டார். “தம்பி, எல்லாத்தையும் தலைகீழாச் செய்யறீங்க. சீட்டை மூடுங்க, வாயைத் திறங்க” என்றார். எனக்குத் தெரிந்த பிரிட்ஜ் சட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

அவர் காலமாகிவிட்டார். திண்ணையும் இடிந்து கடை வந்துவிட்டது. 2020ல் ஊரடங்கு வந்தபோது உலகத்துப் பிரிட்ஜ் மன்றங்களெல்லாம் கதவைச் சாத்திவிட்டுக் கணினிக்குக் குடி போயின. நாங்களும் போனோம். கடலூரில் என் மேஜையும் சிதம்பரத்தில் நண்பர் மேஜையும் ஒரே மேஜையாகிவிட்டன. இடையே உள்ள 45 கிலோமீட்டர் இல்லாமலே போயிற்று. எதிரே உட்காருகிறவர்கள் கோயம்புத்தூரோ கொல்கத்தாவோ போலந்தோ, யார் கண்டது!

இந்தக் கணினி ஆட்டத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு. அதை விளங்கிக்கொண்டால்தான் என் கோபம் விளங்கும். மேஜையைச் சுற்றி நேரில் உட்கார்ந்து ஆடும்போது, ஒருவர் வழக்கத்துக்கு மாறான பொருளில் ஒன்றைக் கேட்டால், அவருடைய கூட்டாளிதான் எதிராளிகளை எச்சரிக்க வேண்டும். விளக்கமும் அவரே சொல்ல வேண்டும். இதில் ஒரு சங்கடம். அவர் சொல்லும் விளக்கம் கேட்டவர் காதிலும் விழும். ‘அடடா, நான் ஒன்று நினைத்தேன், இவன் வேறு விதமாகப் புரிந்துகொண்டானே’ என்று அவர் விழித்துக்கொள்ளலாம். பெரிய பந்தயங்களில் 1975 முதல் மேஜைக்குக் குறுக்கே திரை போட்டதற்கு இந்த மாதிரித் தொல்லைகளும் ஒரு காரணம். கணினியில் அந்தத் தொல்லையே இல்லை. கேட்டவரே தம் கேள்விக்கு விளக்கம் எழுதலாம். அது எதிராளிகள் கண்ணுக்கு மட்டும் தெரியும், கூட்டாளிக்குத் தெரியாது. மறைப்பதற்கு மனிதன் சொல்லிவந்த நியாயமான சாக்கு ஒன்றே ஒன்றுதான். அதையும் யந்திரம் பிடுங்கிக்கொண்டது. இதற்குப் பிறகும் மறைத்தால் அதற்கு என்ன பெயர்?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. எதிரே இருந்த இருவரும் கணவன் மனைவி என்று ஊகித்தோம். ஒருவருக்கொருவர் அத்தனை மரியாதையாக ஆடினார்கள். நான் முதல் கை. ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணுவது வழக்கம். கட்டுக்கு மொத்தம் 40. என் கையில் 11. தொடங்கப் போதாதென்று பாஸ் சொன்னேன். அடுத்தவரும் பாஸ். மூன்றாவது கை என் நண்பர். ‘ஒரு இஸ்பேட்’ என்றார்.

ஒரு இஸ்பேட் என்று தொடங்க உலக வழக்கப்படி ஏறத்தாழ 12 புள்ளி வேண்டும். ஆனால் அவரோடு ஐந்து வருஷமாக ஆடுகிற எனக்கு ஒரு விஷயம் தெரியும். தமக்கு முன்னே இரண்டு பேர் பாஸ் சொல்லிவிட்டால் மனிதருக்குக் குஷி பிறந்துவிடும். ஐந்து இஸ்பேட் இருந்தால் போதும், ஐந்து புள்ளியோ ஆறு புள்ளியோ, துணிந்து தொடங்கிவிடுவார். நாங்கள் இதைப் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஆனால் அதற்குத் தகுந்தாற்போல் நான் நடந்துகொள்வேன். என் கையில் 11 புள்ளியும் மூன்று இஸ்பேடும் இருந்தும், உற்சாகமாக மூன்று இஸ்பேட் என்று ஏற்றாமல், இரண்டு இஸ்பேட் என்று அடக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். எதிராளிகள் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கணினி நான்கு கைகளையும் விரித்துக் காட்டியது. நண்பரிடம் இருந்தது 6 புள்ளி. எதிராளிகள் இருவரிடமும் சேர்த்து 23 புள்ளி, ஒன்பது ஆர்ட்டின். நான்கு ஆர்ட்டின் கேட்டு 420 வாங்கியிருக்க வேண்டியவர்கள். நாங்களோ ஒரு பிடி குறைந்து 50 கொடுத்தோம். தோற்று ஜெயித்தோம். அந்த அம்மாள் என்று நான் ஊகித்தவர், ‘நன்றாக ஆடினீர்கள்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

பத்து நிமிஷத்தில் டெலிபோன் மணி அடித்தது. நண்பர்தான். சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு. “தம்பி, பார்த்தீங்களா? என் ஒரு இஸ்பேடைத் தொட்டு அர்த்தம் கேட்டாங்க. இயல்பானது, அஞ்சு இஸ்பேட்னு போட்டேன். அவ்வளவுதான், அடங்கிட்டாங்க!”

“சார், அது அஞ்சு புள்ளியிலயும் வரும்னு போடலையா?”

“அதை ஏன் போடணும்? நான் சொன்னதுல பொய் என்ன இருக்கு? அஞ்சு இஸ்பேட் இருந்துதா இல்லியா?”

இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற வழியில் புனித டேவிட் கோட்டை என்று சில இடிபாடுகள் இருக்கின்றன. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றுப்புறத்தில் எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை என்று பேச்சு. எந்தப் பீரங்கி என்று பேச்சில்லை. கம்பெனியார் சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்றை வரவழைத்து நாலா பக்கமும் சுட்டார்கள். கடலூர் பட்டணமே உள்ளே அடங்கிவிட்டது. குண்டு கிராமங்கள் என்று அந்த ஊர்களுக்குப் பெயரும் நிலைத்துவிட்டது. கம்பெனியார் பொய் சொன்னார்களா? இல்லையே! என் நண்பரும் பீரங்கியின் நீளத்தை மட்டும்தான் சொல்லாமல் விட்டார்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார். “தம்பி, இது ஒப்பந்தம் இல்லை, அனுபவம். நாம என்னிக்காவது உட்கார்ந்து பேசினோமா? மூணாவது கையில கொஞ்சம் இளப்பமா ஆரம்பிக்கிறது உலகத்துக்கே தெரியும். ஊர் அறிஞ்சதை எழுதிக் காட்டணும்னு எந்தச் சட்டம் சொல்லுது?”

இதுதான் இந்த வழக்கின் உயிர்நிலை. படித்தவர்கள், பண்புள்ளவர்கள் எல்லாம் வழுக்கி விழுகிற இடமும் இதுதான். ஆகவே சற்று நின்று பார்க்கலாம்.

மூன்றாவது கையில் ஒன்றிரண்டு புள்ளி குறைவாகத் தொடங்குவது ஊர் அறிந்த வழக்கம் என்பது உண்மை. அது எவ்வளவு பழகிய வழக்கம் என்றால், ‘கூட்டாளியே, நிஜமாகவே தொடங்கினாயா, விளையாட்டுக்கா?’ என்று விசாரிப்பதற்கென்றே ட்ரூரி என்ற ஒருவர் பேரால் ஒரு தனிக் குறி இருக்கிறது. அந்தக் குறியை வைத்திருக்கிறவர்கள் அதை எதிராளிக்கு அறிவித்துவிட்டு ஆடுகிறார்கள். ஆனால் 12 என்பது 10 ஆவது வேறு; 6 ஆவது வேறு. முன்னது பிரிட்ஜ் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். பின்னது என் நண்பரோடு ஆடுகிற எனக்கு மட்டுமே தெரியும். சட்டப் புத்தகத்தில் 40ஆம் விதி இதைத் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் பொதுவான அறிவிலிருந்து நீ ஊகிப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உன் கூட்டாளியோடு ஆடிய அனுபவத்தால் உனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பேசி வைத்துக்கொண்டால்தான் ஒப்பந்தம் என்பதில்லை. ஒருவர் ஒரே தப்பை மறுபடி மறுபடி செய்து, மற்றவர் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், அங்கே பேசாத ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்கிறது அதே விதி.

பிரிட்ஜில் எதிராளியை ஏமாற்றலாம். அதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆறு புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு நாள் திடீரென்று ஒரு இஸ்பேட் என்று கர்ஜிக்கலாம், அது துணிச்சல். ஆனால் அப்படிச் செய்கிறவன் தன் கூட்டாளியையும் சேர்த்தே ஏமாற்ற வேண்டும். கூட்டாளி அதை நம்பி மூன்று, நான்கு என்று ஏற்றி இருவரும் பள்ளத்தில் விழுகிற ஆபத்து இருக்க வேண்டும். அந்த ஆபத்துதான் துணிச்சலின் விலை. நான் இரண்டு இஸ்பேடோடு நின்றுகொண்டேனே, அந்தக் கணத்தில் அந்த விலை கொடுபடாமல் போயிற்று. ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வருஷமாக எத்தனை பேரை இப்படி வழியனுப்பியிருக்கிறோமோ, அதற்கும் பாதிப் பங்கு எனக்கு உண்டு.

மற்றச் சாக்குகளுக்கு இத்தனை மரியாதை தேவையில்லை. ‘கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நமக்கென்ன?’ என்கிறார்கள் சிலர். எதைக் கேட்க வேண்டும் என்பதே எதிராளிக்குத் தெரியாதபோது எப்படிக் கேட்பார்? ‘புதிதாக ஆடுகிறவர்கள், விளக்கினால் குழம்பிப் போவார்கள்’ என்று பரிதாபப்படுகிறார்கள் வேறு சிலர். நோயாளி குழம்புவான் என்று மருந்தின் பேரை மறைக்கிற வைத்தியர்களும் இப்படித்தான் பேசுவார்கள். ‘எழுதிக்கொண்டிருந்தால் நேரமாகும்’ என்பது இன்னொன்று. ஆட்டம் முடிந்த பிறகு கூட்டாளியைத் திட்டுவதற்கு மட்டும் எங்கிருந்தோ நேரம் வந்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரான அசட்டு யோக்கியர்களும் உண்டு. தங்களுக்குள் எந்த ஏற்பாடும் இல்லாதபோதுகூட, கேட்டவுடன் தம் கையில் உள்ளதையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் வேண்டாம். ஏற்பாடு இல்லை என்றால் இல்லை என்று சொன்னால் போதும். எதிராளிக்கு உரிமை உள்ளது அகராதியின் மேல்தான். கடிதத்தின் மேல் அல்ல.

ஒரு சீட்டாட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதைகள். 1965ல் போனஸ் அயர்ஸ் நகரத்தில் உலகப் பந்தயம். ரீஸ், ஷபிரோ என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சீட்டைப் பிடிக்கிற விரல்களின் எண்ணிக்கையால் ஆர்ட்டின் எத்தனை என்று தெரிவித்துக்கொள்வதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மாட்டுத் தரகர்களின் துண்டு ஞாபகம் வருகிறதல்லவா? உலகச் சம்மேளனம் குற்றம் என்றது. லண்டனில் நடந்த விசாரணை குற்றவாளிகள் அல்ல என்றது. அன்றிலிருந்து இரண்டு கட்சியாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மற்றது 2015ல். இஸ்ரேலைச் சேர்ந்த ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் ஜோடி ரகசியச் சாடை வைத்து ஆடுகிறது என்று நார்வேக்காரர் பாய் புரோகலாண்ட் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன்னே அவர்கள் இவருடைய அணியிலேயே ஆடியவர்கள். அவர்களோடு சேர்ந்து தாம் வென்ற பட்டங்களையும் வேண்டாம் என்று துறந்துவிட்டுத்தான் அவர் பேசினார். பிறகு வீடியோப் படங்களை ஓட்டிப் பார்த்தார்கள். சீட்டு வைக்கும் தட்டை மேஜையில் எங்கே வைப்பது என்பதே அவர்களுடைய பாஷை என்று தெரிந்தது. தடை விதித்தார்கள்.

என் நண்பரை அவர்களோடு சேர்க்கிறேனா? இல்லை. அவருடைய குறி சட்டம் அனுமதித்த 38 சொற்களில் ஒன்று. தட்டும் விரலும் அல்ல. ஆனால் அந்த 38 சொற்களை யோக்கியமாக்குவது எதிராளிக்கும் அர்த்தம் தெரியும் என்ற ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் ‘ஒரு இஸ்பேட்’ என்ற சொல்லுக்கும் மேஜை மேல் நகர்த்திய தட்டுக்கும் என்ன பேதம் என்று எனக்குத் தெரியவில்லை.

மனிதன் விசித்திரமானவன். அதே புனித டேவிட் கோட்டையில் கிளைவ் இளைஞராக இருந்த காலத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சீட்டாட்டத்தில் ஓர் அதிகாரி மோசம் செய்தான் என்று பணம் கொடுக்க மறுத்தாராம். துவந்த யுத்தத்தில் அவன் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை வைத்தபோதும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லையாம். அந்த கிளைவ்தான் 1757ல் வங்காளத்தில் ஒப்பந்தத்தை இரண்டு காகிதங்களில் எழுதி, நிஜமான வெள்ளைக் காகிதத்தை மறைத்து, உமிசந்துக்குச் சிவப்புக் காகிதத்தைக் காட்டினார். மேஜையில் யோக்கியர், ராஜ்ய விவகாரத்தில் அயோக்கியர். என் நண்பர் இதற்கு மறுதலை. கீழ வீதியில் ஐந்து ரூபாய்க்கு அலைகிறவர், மேஜையில் சிவப்புக் காகிதத்தை நீட்டுகிறார்.

டெலிபோனில் அவர் கடைசியாகச் சொன்னது இது: “நம்ம பாஷை நமக்குள்ளே இருக்கட்டும் தம்பி. சிதம்பர ரகசியம்!”

நான் சும்மா இருந்திருக்கலாம். “சார், உங்க ஊர்ல தீட்சிதர் அந்தத் திரையை விலக்கித்தான் காட்டறார். உள்ளே வில்வ மாலையும் வெட்ட வெளியும்தான். கேட்டவனுக்குத் திரையைப் போட்டு மூடறது சிதம்பர ரகசியம் இல்லை” என்று சொல்லிவிட்டேன். டெலிபோன் வைக்கப்பட்டது.

அன்றிலிருந்து மாலை ஏழு மணிக்கு எனக்குக் கூட்டாளி கணினியின் யந்திரப் பொம்மைதான். அதன் ஆட்டம் சில சமயம் படு மோசம். ஆனால் அது கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் தொட்டால், இத்தனை புள்ளி, இத்தனை சீட்டு என்று உடனே விளக்கம் விரிகிறது. அதற்கு வெட்கமில்லை, பெருமையில்லை, சிதம்பரமில்லை. அதனோடு சண்டை போடவும் முடியவில்லை, அதுதான் குறை.

நேற்று எங்கள் இருவருக்குமான ஏற்பாட்டுச் சீட்டைப் புதிதாக எழுதினேன். மூன்றாவது கையில் ஒரு இஸ்பேட், ஒரு ஆர்ட்டின்: ஐந்து சீட்டு இருக்கும், 5 புள்ளி இருந்தாலும் வரும், கூட்டாளி அதை அறிவார். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சிதம்பரத்துக்கு அனுப்பினேன். ‘இதை எதிராளிகளுக்குக் காட்டிவிட்டு ஆடலாம், சார். உங்கள் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்’ என்று கீழே எழுதினேன். இரவு 8.40க்கு இரண்டு நீலக் குறிகளும் விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.